பூசையில் இருந்த மூன்று கணினிகள்

கற்கைநெறிக் கைநூலின் பதினான்காம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இப்படிச் சொன்னது: “பரீட்சை நேரத்தில் பதிவுபெற்ற நிலையத்தின் கணினிகள் பாவனைக்குக் கிடைக்காதவிடத்து, நிலையப் பொறுப்பாளர் ஏழு நாட்களுக்குள் அதனை எழுத்தில் அறிவித்தால், பரீட்சார்த்திக்கு வேறொரு திகதி வழங்கப்படும். அப்பரீட்சையின் பெறுபேறு முதல் திகதிக்கே உரியதாகக் கொள்ளப்படும்.”

இரண்டே வாக்கியங்கள். கணினிகள் ஏன் கிடைக்காமற் போகின்றன என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுதியவர் சோம்பேறியாக இருந்திருக்கலாம், அனுபவசாலியாகவும் இருந்திருக்கலாம். முப்பத்தாறு ஆண்டு அரச சேவையில் இந்த இரண்டையும் பிரித்தறிய நான் கற்றுக்கொள்ளவில்லை. எப்படியோ, அவர் எழுதாமல் விட்ட அந்தக் காரணத்துக்குள் ஒரு பெண்ணின் உத்தியோகம் அகப்பட்டிருந்தது. அதை வெளியே எடுக்க மூன்றரை மாதம் பிடித்தது.

நான் அப்போது பதுளையில் ஒரு கல்வி அலுவலகத்தில் பிரதம இலிகிதர். முதல் நியமனத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிருக்கு வந்து, இடமாற்றம் கேட்டு எழுதியவை எல்லாம் கோவைகளுக்குள் படுத்துக்கொள்ள, கேட்பதையே நிறுத்தி இங்கேயே மூத்துப்போனவள். என்னுடைய சுருக்கொப்பம் இல்லாமல் எங்கள் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு வெண்கட்டிப் பெட்டிகூடப் போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லி வந்தேன்.

எங்கள் அலுவலகத்துக்கு முதற்கணினி வந்தது தொண்ணூறுகளின் நடுவில். பணிப்பாளரின் அறைக்குள், ஜன்னலுக்கு எட்டத்தில், அதற்கென்று ஒரு மேசை போட்டார்கள். பயிற்சி பெற்றவரே அதைத் தொடலாம் என்று ஒரு சுற்றுநிருபம் இருந்தது. பயிற்சிக்கு ஆளை அனுப்புவதென்றால் அலுவலகத்தில் கணினி பாவனையில் இருக்க வேண்டும் என்று இன்னொரு சுற்றுநிருபம் இருந்தது. இரண்டையும் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். ஆகவே கணினி ஒன்றரை வருடம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அறைக்குள் போகிற சிற்றூழியர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார். நாங்கள் அதற்கு மாலை போடவில்லை, அவ்வளவுதான். பின்னால் நடந்ததைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு இந்த உறையைத்தான் நான் முதலில் ஞாபகப்படுத்துவேன்.

அதன்பின் பத்து வருடத்துக்குள் எல்லாம் தலைகீழாயிற்று. கொழும்பில் ஒரு தொலைக்கல்வி நிறுவனம் தொண்டர் ஆசிரியர்களுக்கென்று இணையவழியில் ஒரு சான்றிதழ்க் கற்கைநெறியைத் தொடங்கியது. பாடம், ஒப்படை, பரீட்சை எல்லாம் திரையில். மலைநாட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தே தேய்ந்துபோகிற ஆசிரியர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்று நான் அப்போதே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பாடசாலையில் ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியையாக இருந்த ஒருத்தி அதில் சேர்ந்தாள். கொழுந்து பறிக்கிற தாயின் மகள். தொழிலாளர் லயத்து அறையில் இருந்து படித்து உயர்தரம் சித்தியடைந்தவள். மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே அறையில், பலகைத் தட்டிகூட இல்லாமல், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் படிப்பிப்பாள். நிரந்தர நியமனத்துக்கு அவளுக்கு ஒரு குறைதான்: அந்தச் சான்றிதழ். அதுவும் முப்பத்தைந்து வயது பூர்த்தியாகுமுன் பெற்றதாக இருக்க வேண்டும். அவளுக்கு அது பூர்த்தியாவது மார்கழி முதல் வாரத்தில். ஒப்படைகள் முழுவதும் முடித்துவிட்டாள். புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இறுதிப் பரீட்சை. அதை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்து. அப்போது அவளுக்கு வயது போய்விடும்.

பதிவுபெற்ற நிலையம் அவளுடைய தோட்டத்திலேயே இருந்தது. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஓர் அறை, தகரக் கூரையில் இணைப்புக்கு ஒரு வட்டத் தட்டு, உள்ளே மூன்று கணினிகள். மழை பலத்தால் இணைப்பு அறுந்துபோகும். மற்றபடி குறையில்லை. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். மலையில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதிய பழக்கத்தில், யார் எந்தக் கணினியில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கோடு போட்ட கொப்பியில் எழுதி ஒப்பம் வாங்குவார். நான் பார்த்த பதிவேடுகளில் அதுதான் சுத்தமானது. அவரேதான் கோயில் கமிட்டித் தலைவரும்.

அந்த ஞாயிறு சரஸ்வதி பூசை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அன்று தொழிலுக்கும் படிப்புக்கும் உதவுகிறதெல்லாம் பூசையில் வைக்கப்படும். வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று பூசை முடித்துத்தான் எடுக்கலாம். அதுவரை யாரும் தொடக்கூடாது. அந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திகளை வைப்பார்கள், கொழுந்துக் கூடைகளை வைப்பார்கள், பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கிவைப்பார்கள். நிலையம் திறந்தபின் வந்த முதல் பூசை அது. கணக்கப்பிள்ளை மூன்று கணினிகளையும் கம்பிகளைக் கழற்றி, மண்டபத்துக்குக் கொண்டுவந்து, கத்திகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில் வரிசையாக வைத்தார். திரைக்கு ஒன்றாகச் சந்தனப் பொட்டு, குங்குமம், செவ்வந்தி மாலை. நிலையத்துச் சாவிக்கொத்தையும் தட்டில் வைத்துவிட்டார்.

மறுநாள், விஜயதசமி, அவள் குடையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள் என்பது தெரிந்தது. நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். காலையில் எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் போயிருக்கிறாள். அறையில் வெறும் மேசைகள். பூசைக்கு நாற்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வாசலால் இறங்கி, குறுக்குப்பாதையில் எல்ல நகருக்கு ஓடியிருக்கிறாள். அங்கே வெளிநாட்டுக்காரருக்கு இணையம் காட்டுகிற கடை ஒன்று இருந்தது. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வந்து, தன் இலக்கத்தை அடித்தபோது திரையில் ஒரு வரிதான் வந்ததாம்: பதிவுபெறாத நிலையம். பத்தரைக்குள் நுழையாதவர் சமுகமளிக்காதவர். அப்போது மணி பத்து இருபது.

“ஏன் பிள்ளை, ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அறைக்குள்ள வைச்சு எழுதியிருக்கலாமே? அவர் என்ன, உன்னை அடிக்கப் போறாரே?” என்று கேட்டேன்.

“அவரு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாருங்க மிஸ். புள்ளைங்க இருந்துச்சுங்க. வெச்ச பொஸ்தகத்த நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதுன்னு வருசா வருசம் நாந்தான் சொல்லிக் குடுக்கிறேன். நானே போயி எடுத்தா அதுங்க என்னைய என்னன்னு நெனைக்கும்?”

அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கைநூல் தந்த நாட்களை எண்ணினேன்.

ஏழு நாளில் ஒன்று போய்விட்டது. புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே கணக்கப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பொறுப்பாளரின் கடமைகள் பற்றிக் கைநூலில் எட்டாம் பிரிவு இருக்கிறது. அதை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டுவதாக உத்தேசம்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியைத் துண்டால் தட்டினார், பிளேன்டீ வரவழைத்தார். கணினிகள் மேசைக்குத் திரும்பியிருந்தன. பொட்டு மட்டும் துடைக்கப்படவில்லை. நான் எட்டாம் பிரிவைத் தொடங்கினேன். இரண்டாவது பந்தி வரையில் தலையசைத்துக் கேட்டவர், எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். பிளாஸ்டிக் தாளுக்குள் பத்திரமாக இருந்தது.

“இது உங்க ஒப்பந்தானுங்களே, அம்மா?”

என்னுடையதுதான். விடுமுறை நாளில் பாடசாலைப் பிள்ளைகளை வரவழைக்க அனுமதி வேண்டும். ஆகவே அதிபர் பூசையையொட்டிய வாணி விழாவுக்கு அனுமதி கேட்டு எங்களுக்கு எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபம், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. பணிப்பாளரின் கையொப்பத்துக்குக் கீழே என் சுருக்கொப்பம், திகதியோடு.

“பர்மிசன் குடுத்தது நீங்க. பரீச்சைன்னு எனக்கு ஒரு துண்டு யாரும் அனுப்பலீங்க. அந்தப் புள்ள பத்து மணிக்குன்னு சொல்லுச்சு, மெய்தான். எந்தக் கெழமைன்னு நான் கேக்கல. பூசையன்னைக்குப் படிச்ச மனுசங்க பரீச்சை வைப்பாங்கன்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?”

பரீட்சை நேரசூசியும் எனக்குத்தான் வந்தது. பஸ்ஸுக்குத் திரும்பி நடக்கும்போது அது ஞாபகத்துக்கு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அந்த நாற்காலியிலேயே வந்துவிட்டது. இரண்டு கடிதமும் ஒரே நாள் தபாலில் வந்தவை. ஒன்றில் “அனுமதிக்கலாம்” என்று எழுதினேன். மற்றதில் “தகவலுக்கு” என்று எழுதிக் கோவையில் போடச் சொன்னேன். அலுவலகப் பாஷையில் “தகவலுக்கு” என்றால் இதை இனி ஒருவரும் வாசிக்கத் தேவையில்லை என்று பொருள். நிலையத்துக்குப் பிரதி அனுப்பியிருக்க வேண்டியவள் நான்.

பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். பிறகு சுலபமான வழியைச் சொன்னேன். அன்று காலை மின்சாரம் தடைப்பட்டது என்றோ, கணினி பழுது என்றோ அவர் நாலு வரி எழுதி ஒப்பம் வைத்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும். கொழும்பிலிருந்து இந்த மலைக்கு யாரும் விசாரிக்க ஏறிவரப் போவதில்லை. நல்ல காரியத்துக்காக இப்படி நாலு வரி எழுதிய நிலையங்களை எனக்குத் தெரியும்.

கணக்கப்பிள்ளை கணினிகளைப் பார்த்தார். “சாமி காலடியில வெச்சத பழுதுன்னு எழுதச் சொல்றீங்களா? மொத வருசத்துலயே? வேணாங்க அம்மா. அந்தப் புள்ளைக்கு நான் வேற என்ன வேணும்னாலும் எழுதித் தர்றேன்.”

எனக்குக் கோபம் வந்தது, ஒரு நிமிடத்துக்கு. பிறகு கைநூலை மறுபடியும் விரித்துப் பதினான்காம் பிரிவுக்குப் போனேன். “பாவனைக்குக் கிடைக்காதவிடத்து.” பழுது என்று அது கேட்கவில்லை. மின்தடை என்றும் கேட்கவில்லை. கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பது மட்டும்தான் அதற்கு வேண்டியது. பொய்யைவிட உண்மை விதிக்கு நன்றாகப் பொருந்துவது அரச சேவையில் அடிக்கடி காணக்கூடியதல்ல. அந்த மேசையிலேயே இருந்து எழுதினேன்: நிலையத்தின் மூன்று கணினிகளும் ஞாயிறு அதிகாலை முதல் மறுநாள் காலை வரை, தோட்டத்தின் வழமைப்படி பூசையில் வைக்கப்பட்டிருந்தமையால் எவரது பாவனைக்கும் கிடைக்கவில்லை.

அவர் இரண்டு தடவை வாசித்தார். ஒரு திருத்தம் சொன்னார். மூன்று கணினிகளும் எந்தக் குறையும் இல்லாமல் வேலைசெய்யும் நிலையிலேயே இருந்தன என்றும் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன், ஒப்பம் வைத்தார். வழக்குக்கு அது பாதகம் என்று எந்தச் சட்டத்தரணியும் சொல்லியிருப்பார். ஆனால் விதிக்கு அதைப் பற்றியும் அக்கறை இல்லை. கணக்கப்பிள்ளை கொப்பியையும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மூன்று கணினிக்கும் நேராக, அதிகாலை முதல் மறுநாள் காலை வரை, பாவிப்பவர் பெயர் என்ற இடத்தில் “பூசை” என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தையும் பிரதி எடுத்து இணைத்தேன்.

அடுத்த இணைப்பு என்னுடையது. வாணி விழா அனுமதியும் பரீட்சை நேரசூசியும் ஒரே நாளில் என் கையால் போயின, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தவறியது நான், பரீட்சார்த்தி அல்ல என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். எங்கள் உதவிப் பணிப்பாளர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கையில் தன் பிழையைத் தானே எழுதிக்கொடுக்கிற பிரதம இலிகிதரைத் தான் கண்டதில்லை என்றார். நானும் கண்டதில்லை என்றேன். இரண்டு வாரத்தில் என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மற்றவர்களிடம் விளக்கம் கேட்டு அதே கடிதத்தை எத்தனை தடவை தயாரித்தவள் நான். அதில் ஒரு பந்தியைக்கூட அவர்கள் மாற்றவில்லை. இரண்டு வரியில் பதில் கொடுத்தேன்.

இணையவழிக் கற்கைநெறியின் முறைப்பாட்டையும் இணையவழியில்தான் கொடுக்க வேண்டும். அதற்கொரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் நாலு தெரிவுகள்: மின்தடை, இணைப்புத் தடை, சுகவீனம், இயற்கை அனர்த்தம். ஐந்தாவது இல்லை. ஒன்றைத் தெரிவுசெய்யாவிட்டால் படிவம் நகராது. அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரஸ்வதியை இயற்கை அனர்த்தத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். அந்த வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தாள். படிவத்தை விட்டுவிட்டு, அன்றே எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஏழாம் நாளுக்கு ஒரு நாள் முந்தி.

ஐப்பசியில் பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். கார்த்திகையில் ஒரு மின்னஞ்சல் வந்தது: தங்கள் கடிதம் கவனத்திற்கொள்ளப்பட்டுள்ளது. இந்த வாக்கியத்தை நான் வாழ்நாளில் சில ஆயிரம் பேருக்கு அனுப்பியிருப்பேன். வாங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மார்கழி முதல் வாரம் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். கொழும்பில் துணிக்கடையில் நிற்கிற தங்கை தனக்கும் இடம் பார்த்து வைத்திருக்கிறாளாம்.

“வயசுதான் போயிருச்சேங்க மிஸ். பொங்கல் கழிச்சுப் போயிரலாம்னு இருக்கேன்.”

“முதல் திகதிக்கே உரியதாகக் கொள்ளப்படும் எண்டு எழுதிக் கிடக்கு. புரட்டாதியில உனக்கு முப்பத்திநாலு. பதில் அடுத்த வருசம் வந்தாலும் முப்பத்திநாலுதான்.”

“எழுதியிருக்கிறபடி நடந்துருங்களா மிஸ்?”

“தானா நடக்காது. எழுதிக் கிடந்தால் நடத்துவிக்கலாம். எழுதாமல் கிடக்கிறதுதான் கரைச்சல்.”

நம்பினாளோ தெரியாது. ஆனால் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது இரண்டு வகுப்புக்கும் நடுவில் வழமைபோல நின்றாள் என்று அதிபர் சொன்னார். நான் மார்கழி நடுவில் ஓய்வுபெற்றேன். பிரியாவிடையில் ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். நேரம் காட்டியது. கடைசி நாள் நான் அனுப்பிய கடைசிக் கடிதம் மூன்றாவது நினைவூட்டல். தோட்டத்து முகவரிக்கு வருகிற கடிதம் தோட்ட ஒபிசில் கிடந்து, காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டில் ஆள் பார்த்துக் கொடுபட நாளாகும். அதனால் பதிலை என் வீட்டு முகவரிக்கு அனுப்பும்படி கேட்டிருந்தேன்.

அந்தப் பதில் தபாலில்தான் வந்தது. இணையவழி நிறுவனம், நீள உறை, முத்திரை கோணலாக. பதினான்காம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவின்படி கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மீள்பரீட்சை தை மாதக் கடைசி ஞாயிறு. பெறுபேறு முதல் திகதிக்கே உரியதாகும். நிலையங்கள் இனிமேல் தமது சமய வழமைகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

நான் முதலில் செய்தது, சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் கலண்டரை இறக்கி அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததுதான். பூசை இல்லை, விரதம் இல்லை, பௌர்ணமிப் போயா இல்லை. முகூர்த்த நாள். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கணக்கப்பிள்ளை அந்தத் திகதியைக் கேட்டுவிட்டுக் கொப்பியைப் புரட்டினார்.

“அன்னைக்கு மண்டபத்துல ஒரு கலியாணம் இருக்குங்க அம்மா. பரவாயில்லீங்க. அறைய நான் பூட்டிக்கிறேன். பத்துல இருந்து பன்னெண்டு மட்டும் மேளத்த நிறுத்தச் சொல்றேன். தாலிய முன்னாடியே கட்டிட்டாப் போச்சு.”

பிறகு பக்கத்துப் பாடசாலையிலிருந்து அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடிதத்தை முழுவதும் வாசித்தேன். பிள்ளைகள் தூரத்தில் வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

“மொத தெகதிதானுங்களே மிஸ்?”

“ஓம். முதல் திகதிதான்.”

வருகிற கடிதத்தின் வலது மேல்மூலையில் கிடைத்த திகதியைக் குறிக்காமல் எதையும் கோவையில் போடக்கூடாது. என்னுடைய இறப்பர் முத்திரை இப்போது வேறொருவரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. ஆகவே பேனாவால் எழுதினேன்: கிடைத்தது, தை மாதம் இரண்டாம் நாள், பொங்கலுக்கு மறுநாள்.